நாகர்கோவிலின் சுத்திகரித்த நீருக்கு அண்டை ஊர்கள் சேர்ந்து குழாய் பதிக்க முடியுமா? செலவை யார் ஏற்பது?

பழையாற்றுக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவில் பாதாள சாக்கடைத் திட்டத்தைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும், தோண்டிய சாலையை எப்போது மூடுவார்கள் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. நகரின் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேரும் நாளில், அங்கிருந்து வெளிவரும் நீர் எங்கே போக வேண்டும், அதைக் கொண்டுசெல்லும் குழாயை யாருடைய பணத்தில் பதிப்பது என்ற கேள்வியை நாம் எடுப்பதே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2,24,849 பேர் வாழ்ந்த ஊர் இது. 2019இல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. நாள்தோறும் மழையிலும் வெயிலிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளிவரும் நீர், மாவட்டத்தில் இதைத் தவிர வேறு எதுவும் இல்லை.

மாநகராட்சிக்கு இந்த நீரை முழுவதும் பயன்படுத்திக்கொள்ள இடமில்லை. தேவை இருப்பது எல்லைக்கு வெளியே, சுசீந்திரம், தேரூர், கொட்டாரம், அகஸ்தீஸ்வரம், கன்னியாகுமரி என்று தெற்கே போகும் வழியில். அங்கே ஒவ்வோர் ஊருக்கும் தனி மன்றம், தனி வரவு செலவு. அவற்றுள் ஒன்றுகூடத் தனியாக இப்படியொரு குழாயைப் பதிக்க முடியாது என்பதால், அண்டை ஊர்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு செலவைப் பகிர்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் மொடெஸ்டோ, டர்லாக் என்ற இரண்டு நகரங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் சுத்திகரித்த கழிவுநீரைச் சான் வாக்கின் ஆற்றில் விட்டுவந்தன. ஆற்றுக்கு மேற்கே உள்ள டெல் புவெர்டோ நீர் மாவட்டம் என்ற பாசன அமைப்புக்கோ, 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கூட்டாட்சி அரசின் கால்வாய் ஒதுக்கீடு பூஜ்ஜியம். பாதாம் தோட்டங்கள் கருகிக்கொண்டிருந்தன. இரு நகரங்களும் அந்தப் பாசன அமைப்பும் ஒப்பந்தம் செய்துகொண்டு, சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து, அந்த அமைப்புக்கு நீர் தரும் டெல்டா-மென்டோட்டா கால்வாய்க்குக் குழாய் பதித்தன. 2017 இறுதியில் மொடெஸ்டோவின் நீர் கால்வாயில் இறங்கியது. டர்லாக்கின் இணைப்பு அதன்பின் வந்தது. கடனை அடைக்கும் பொறுப்பில் பெரும்பகுதியை நீரைப் பெறும் பாசன அமைப்பு ஏற்றது. அந்த உறுதிமொழி இருந்ததால்தான் மாநிலத்தின் குறைந்த வட்டிக் கடனும் கூட்டாட்சி மானியமும் அடுத்தடுத்து வந்து சேர்ந்தன.

ஆகவே என் கருத்து இதுதான்: நீரை வாங்குபவர் யார், எத்தனை ஆண்டுக்கு, நாளுக்கு எவ்வளவு, எடுக்காத மாதத்திலும் எவ்வளவு கட்டுவார் என்பதில் கையெழுத்து விழுந்த பிறகே குழாய்க்கு மதிப்பீடு போட வேண்டும். நம் பக்கத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. முதலில் திட்ட அறிக்கை, பிறகு அடிக்கல், பிறகு குழாய், எல்லாம் முடிந்தபின் ‘யாருக்கு வேண்டும்?’ என்ற கேள்வி. விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கடைமடை

பழையாற்றுக்கரை அவர்களுக்கு வணக்கம். தங்கள் பதிவில் ஒரு பெரிய விஷயம் விடுபட்டிருக்கிறது. இந்த நீர் சும்மா ஓடிக் கடலில் விழுவதாகத் தாங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. பழையாறு மணக்குடிக் காயலைச் சேரும் முன் அதன் குறுக்கே சபரி அணை, சோழன்திட்டை அணை எனப் பல அணைகள் இருக்கின்றன. அந்த அணைகளின் வாய்க்கால்களில்தான் எங்கள் வயல்கள் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் விளைகின்றன. ஊரிலிருந்து வரும் நீர் கெட்டுப்போய் வருகிறது என்பது உண்மை. ஒழுகினசேரிப் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் ஆகாயத்தாமரையின் இடைவெளியில் தெரியும் நீர் என்ன நிறம் என்பதை எல்லோரும் அறிவோம். மடையைத் திறந்தவுடன் வாய்க்காலில் நுரை ஏறுவதையும், நாற்று நட இறங்கும் பெண்கள் கால் அரிப்போடு வீடு திரும்புவதையும் நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனாலும் அது வந்துகொண்டிருக்கிறது. மார்ச் மாதத்தில் கால்வாய் அடைத்தபின் கடைமடைக்கு வரும் நீர் அது ஒன்றுதான்.

இப்போது அதைச் சுத்தம் செய்து, குழாயில் ஏற்றி, கன்னியாகுமரி விடுதிகளுக்கு விற்பது என்றால், எங்களுக்கு அழுக்குநீர் கிடைத்த காலம் போய் எந்த நீரும் கிடைக்காத காலம் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகர்கோவிலுக்கு முக்கடல் அணை நீர் போதாமல் புத்தன் அணையிலிருந்து குடிநீர் கொண்டுவரும் திட்டம் போடப்பட்டது. புத்தன் அணை கோதையாறு பாசனத் தொகுப்பைச் சேர்ந்தது. அதாவது நகரம் குடிப்பதற்கு எடுக்கும் நீரே பாசனத்தின் பங்கிலிருந்து வருவது. குடித்து முடித்த நீர் ஆற்றுக்குத் திரும்புவது நியாயமான எதிர்பார்ப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அண்டை ஊர்களின் பட்டியலில் பாசன சபைகள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

நீரேற்றம்

குடிநீர் வடிகால் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் பல ஊர்களுக்கு ஒரே குழாயில் நீர் கொண்டுசென்ற அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். கடைமடை அண்ணாச்சி எழுப்பிய கேள்விக்கு இழையைத் தொடங்கியவர் பதில் சொல்லட்டும். நான் பணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கணக்குக்காகக் குழாய், உந்துநிலையம், மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு (வடிகட்டிக் கிருமி நீக்கும் கடைசிக் கட்டம்) எல்லாம் சேர்ந்து 100 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது மதிப்பீடு அல்ல. கணக்கின் போக்கைக் காட்ட எடுத்துக்கொண்ட எண். இதில் 40 கோடி மானியம், 60 கோடி கடன். 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளில் சம தவணையாக அடைத்தால் ஆண்டுக்குச் சுமார் 6 கோடியே 11 லட்சம் வரும். நாளுக்கு ஒரு கோடி லிட்டர் வீதம் ஆண்டு முழுவதும் விற்றால் 36.5 லட்சம் கிலோலிட்டர் (ஒரு கிலோலிட்டர் ஆயிரம் லிட்டர்). ஒரு கிலோலிட்டரின் தலையில் கடன் மட்டும் ஏறத்தாழ 16 ரூபாய் 75 காசு விழும். மின்கட்டணம், மருந்து, ஆள் கூலி எல்லாம் இதற்கு மேல். பாதி நீர்தான் விற்றது என்றால் அதே கடன் கிலோலிட்டருக்கு 33 ரூபாய் 50 காசு ஆகும். விலை அப்படி ஏறினால் மீதி வாங்குபவரும் விலகுவார். அவர் விலகினால் விலை இன்னும் ஏறும். பல திட்டங்கள் இந்தச் சுழலில்தான் மூழ்குகின்றன. இழையைத் தொடங்கியவர் கேட்கும் ‘எடுக்காத மாதக் கட்டணம்’ இதைத் தடுப்பதற்கானது.

இதே 60 கோடியை 1 சதவீத வட்டியில் கடனாகப் பெற்றால் ஆண்டுத் தவணை சுமார் 3 கோடியே 32 லட்சம்தான். கிலோலிட்டருக்கு 9 ரூபாயைச் சற்றே தாண்டும். 2014 வறட்சியில் கலிபோர்னிய மாநில நீர் வாரியம் மறுசுழற்சி நீர்த் திட்டங்களுக்கென்று 80 கோடி டாலரை 1 சதவீத வட்டியில் ஒதுக்கியது. மானியத்தின் அளவைப் பற்றி மட்டுமே வாதாடும் நாம், வட்டி விகிதம் மானியத்துக்கு நிகரான வேலையைச் செய்யும் என்பதைக் கவனிப்பதில்லை.

கட்டணத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உயரழுத்த மின் இணைப்பு வைத்திருப்பவர்கள் ஒப்புக்கொண்ட மின்தேவைக்கு ஒரு நிலைக் கட்டணமும், ஓடிய யூனிட்டுக்குத் தனிக் கட்டணமும் செலுத்துவது போல, குழாயில் ஓர் ஊர் எவ்வளவு கொள்ளளவை ஒதுக்கிக்கொண்டதோ அதற்கு மாதந்தோறும் நிலைக் கட்டணம். எடுத்த நீருக்கு அளவுமானியின்படி தனிக் கட்டணம். கடன் தவணை முழுவதும் நிலைக் கட்டணத்தில் அடங்க வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டங்களில் கிலோலிட்டர் கணக்கில் மட்டும் வசூலித்து, நிலுவை ஏறி, முடிவில் உள்ளாட்சிகளுக்கு வர வேண்டிய பகிர்வு நிதியிலிருந்து பிடித்தம் செய்ததை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அதோடு, குழாயின் கடைசி ஊர் எப்போதும் ஏமாறும். முதல் ஊரில் வால்வை அரைச் சுற்று கூடுதலாகத் திறந்தால் கடைசி ஊரின் தொட்டியில் நீர் ஏறாது. அழுத்தமானி முள் அசையாமல் நிற்கும். செயல் அலுவலர் வந்து பார்த்துவிட்டுப் போவார். ஆகவே ஒவ்வொரு பிரிவுக் குழாயிலும் ஓட்டக் கட்டுப்பாட்டு வால்வு, பூட்டு, இரு தரப்பும் சேர்ந்து குறித்துக்கொள்ளும் அளவுப் பதிவு ஆகியவை ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே இருக்க வேண்டும்.

முனைவாசல்

கன்னியாகுமரியில் தங்கும் விடுதி நடத்துகிறேன். வாங்குபவர் தரப்பிலிருந்து இரண்டு விஷயங்கள். எங்களுக்குத் தோட்டம், கழிவறைத் தொட்டி, குளிரூட்டும் கோபுரம் ஆகியவற்றுக்கு இந்த நீர் போதும். இப்போது அவற்றுக்கும் லாரி நீரைத்தான் ஊற்றுகிறோம். ஆழ்குழாய்க் கிணற்றில் உப்பு ஏறிவிட்டதால் வேறு வழியில்லை. ஆனால் இருபது ஆண்டு ஒப்பந்தத்தில் நிலைக் கட்டணத்துக்கு நான் கையெழுத்திட வேண்டும் என்றால், நீரின் தரம் குறைந்த நாளில் மறுதரப்பு எனக்கு என்ன கொடுக்கும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். ஒரு நாள் கழிவறையில் துர்நாற்றம் வந்தால் விருந்தினர் இணையத்தில் எழுதிவிடுவார். அந்தப் பழி என் விடுதிக்குத்தான் வரும்.

தரத்துக்கு எண் வேண்டும். ‘நன்கு சுத்திகரிக்கப்பட்ட’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எதுவும் செய்ய முடியாது. கலிபோர்னிய விதியில், மக்கள் தொடும் இடங்களுக்குச் செல்லும் மறுசுழற்சி நீரில் 100 மில்லிலிட்டருக்குக் கோலிபார்ம் கிருமிகளின் இடைநிலை எண்ணிக்கை 2.2ஐத் தாண்டக்கூடாது, கலங்கல் சராசரியாக 2 அலகுக்குள் இருக்க வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. குழாயும் ஊதா நிறம். குடிநீர்க் குழாயோடு யாரும் தவறுதலாக இணைத்துவிட முடியாது. இங்கேயும் அப்படி எழுதிக் கொடுத்தால், விடுதி உரிமையாளர்கள் கூடி ஒரே வாங்குபவராகக் கையெழுத்திடத் தயார் என்று நினைக்கிறேன்.

பழையாற்றுக்கரை

கடைமடை அண்ணாச்சியின் கேள்வி இந்த இழையின் நடுவில் வைக்க வேண்டிய கேள்வி. அதற்கே முதலில் வருகிறேன்.

கலிபோர்னியாவில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் ஆற்றில் விட்டுவந்த நீரை நிறுத்தி வேறிடத்துக்குத் திருப்ப வேண்டுமானால், மாநில நீர் வாரியத்திடம் முன்கூட்டியே மனுச் செய்து ஒப்புதல் பெற வேண்டும். கீழ்நிலையில் அந்த நீரைச் சட்டப்படி பயன்படுத்துபவருக்குக் கேடு வராது என்று காட்டியாக வேண்டும். மொடெஸ்டோ, டர்லாக் நகரங்களும் இந்த நடைமுறைக்கு உட்பட்டவையே. நம் ஒப்பந்தத்திலும் முதல் விதியாக, எந்தெந்த மாதத்தில் பழையாற்றில் எவ்வளவு சுத்திகரித்த நீர் விடப்பட வேண்டும் என்ற குறைந்தபட்ச ஓட்டம் எழுதப்பட வேண்டும். அதற்கு மேல் மிஞ்சுவதைத்தான் குழாயில் ஏற்றலாம். அழுக்குநீருக்குப் பதில் சுத்தநீர் அதே அளவில் அதே மடைக்கு வந்தால், பாசன சபைகளுக்கு இது இழப்பாக இராது.

இதில் இன்னொரு பங்காளியையும் சேர்க்க வேண்டும். சுசீந்திரம்-தேரூர் ஈரநில வளாகமும் வேம்பனூர் ஈரநிலமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டன. மத்தியப் பள்ளத்தாக்கில் டெல்டா-மென்டோட்டா கால்வாய்க்குப் போகும் நீரில் ஒரு பகுதி வனவிலங்குப் புகலிடங்களின் ஈரநிலங்களுக்குச் செல்கிறது. அந்தப் பங்குக்கான செலவைக் கூட்டாட்சி அரசு, புகலிடங்களின் நீர்த்தேவைக்கென்று உள்ள திட்டத்திலிருந்து ஏற்கிறது. பறவைகள் பணம் கட்ட முடியாது என்பதால் அவற்றின் பங்கை அரசு கட்டுகிறது. நம் தேரூர்க் குளத்துக்கும் சுசீந்திரம் குளத்துக்கும் கோடையில் குறிப்பிட்ட அளவு நீர் ஒதுக்கி, அதற்கான நிலைக் கட்டணத்தை ஈரநிலப் பாதுகாப்பு நிதியிலிருந்து வனத்துறை வழியாகக் கட்டச் செய்தால், நீரேற்றம் ஐயா சொன்ன கணக்கில் மழைக்காலம் கோடைக்காலம் பாராமல் பணம் கட்டும் ஒரு வாங்குபவர் கிடைப்பார். ஆனால் சத்துப்பொருள் நீக்கப்படாத நீரைக் குளத்தில் விட்டால் ஆகாயத்தாமரை ஒரே கோடையில் குளத்தை மூடிவிடும். நைட்ரஜன், பாஸ்பரஸ் அளவுகளுக்கும் முனைவாசல் கேட்பது போல எண் வேண்டும்.

குழித்துறையான்

நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் 2.0 திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியபோதே, நகரின் மொத்த நீர்த்தேவையில் 20 சதவீதத்தையும் மாநில அளவில் தொழில்துறைத் தேவையில் 40 சதவீதத்தையும் மறுசுழற்சி நீரால் நிறைவேற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியிருக்க முழுச் செலவையும் மானியமாகவே கேட்டுப் பெறலாமே? பேரூராட்சிகளை ஏன் கடனுக்குள் இழுக்க வேண்டும்?

நீரேற்றம்

கேட்கலாம் தம்பி, கேட்கவும் வேண்டும். ஆனால் முழு மானியத்தில் வந்த குழாய்க்கு உரிமை கொண்டாடுபவர் இருப்பார், பொறுப்பேற்பவர் இருக்கமாட்டார். கர்நாடகத்தில் கோரமங்கலா-செல்லகட்டாப் பள்ளத்தாக்குத் திட்டத்தைப் பாருங்கள். பெங்களூருவின் இரண்டாம் நிலைச் சுத்திகரிப்பு முடிந்த நீரை நாளுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் அது. 2018 ஜூனில் நீர் பாய்ந்தது. செலவு முழுவதும் மாநில அரசுடையது. அடுத்த மாதமே இலட்சுமிசாகர் ஏரியில் நுரை பொங்கி, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. கோலாரில் வறண்டு கிடந்த ஏரிகள் நிரம்பின, கிணறுகளில் நீர் ஏறியது என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மாவட்டத்துக்கு அது பெரும் உதவி. ஆனால் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று கோலார் மக்கள் கேட்டபோது அவர்கள் கையில் ஒப்பந்தம் இல்லை. நீதிமன்றம் மட்டுமே இருந்தது. பணம் கட்டும் வாங்குபவராக இருந்திருந்தால் தரம் கேட்கும் உரிமை தாளிலேயே இருந்திருக்கும்.

நாக்பூரில் வேறு வழியில் செய்தார்கள். மாநகராட்சியும் மகாராஷ்டிர மின் உற்பத்தி நிறுவனமும் 2008இல் ஒப்பந்தம் போட்டன. கோராடி அனல்மின் நிலையத்துக்கு நீர் வேண்டும். மாநகராட்சியிடம் கழிவுநீர் இருந்தது. மத்திய அரசின் நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டமான ஜேஎன்என்யுஆர்எம் மானியம் மாநகராட்சியின் பெயரில் வந்தது; மீதியை மின் நிறுவனம் போட்டுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் குழாயையும் அமைத்தது. அதோடு கழிவுநீருக்கே ஆண்டுக்கு 15 கோடி ரூபாய் மாநகராட்சிக்குக் கட்டுவதாக ஒப்புக்கொண்டது. நாளுக்கு 11 கோடி லிட்டர் என்ற அளவில் கணக்கிட்டால் கிலோலிட்டருக்கு மூன்றே முக்கால் ரூபாய். மானியம் அங்கேயும் உண்டு, ஆனால் கையெழுத்து முதலில் விழுந்தது.

நம் மாவட்டத்தில் கோராடி போன்ற ஒற்றைப் பெரிய வாங்குபவர் இல்லை என்பதுதான் சிக்கல். சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் நிலையங்கள் தலா 4.5 கோடி லிட்டர் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நீரைத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கின்றன. சூரத்தில் பாண்டேசரா சாயப்பட்டறைகள் 2014 முதல் வாங்குகின்றன. இங்கே மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை, தும்பு ஆலைகள், ஐஸ் ஆலைகளின் குளிரூட்டும் நீர், ஆரல்வாய்மொழிச் செங்கல் சூளைகள், ரயில் பெட்டி கழுவும் பணி என்று சிறிது சிறிதாகத்தான் சேர்க்க வேண்டும். பலர் சேர்ந்து கையெழுத்திடும் ஒப்பந்தம் ஒருவர் கையெழுத்திடுவதைவிட நிச்சயம் கடினம்.

ஏட்டுக்கணக்கு

நகராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தொழிலில் இருப்பதால், பலர் சேர்ந்து கடன் வாங்குவது பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை.

2002-03இல் சென்னை, மதுரை சுற்றுவட்டாரத்திலுள்ள பத்துக்கும் மேற்பட்ட சிறிய நகர்ப்புற உள்ளாட்சிகளின் குடிநீர், வடிகால் திட்டங்களுக்காக, நீர் மற்றும் சுகாதாரத்துக்கான கூட்டு நிதியம் என்ற அறக்கட்டளையின் பெயரில் சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிடப்பட்டது. இந்தியாவில் உள்ளாட்சிகள் இப்படிக் கூட்டாகப் பத்திரம் வெளியிட்டது அதுவே முதல்முறை. தனியாகச் சந்தைக்குப் போயிருந்தால் அந்தச் சிறு ஊர்களில் எதற்கும் எவரும் கடன் கொடுத்திருக்கமாட்டார்கள். முதலீட்டாளர் நம்பியதற்குக் காரணம், அடுக்கடுக்காக வைக்கப்பட்ட பாதுகாப்பு. உள்ளாட்சியின் வருவாயிலிருந்து தவணைத் தொகை முதலில் தனிக் கணக்கில் சேரும். அது குறைந்தால் தனியாக வைக்கப்பட்ட இருப்பு நிதியிலிருந்து எடுக்கலாம். அந்த இருப்பு குறைந்தால் மாநில அரசு அந்த ஊருக்குக் கொடுக்க வேண்டிய நிதி ஆணையப் பகிர்விலிருந்து பிடித்து நிரப்பும். அதற்கும் மேல் அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டு உத்தரவாதம் கொடுத்தது.

நம் குழாய்க்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது பகிர்வு நிதியிலிருந்து பிடித்தம் செய்யும் விதி. மன்றத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு, கடனின் ஆயுள் இருபது ஆண்டு. இன்றைய மன்றம் போட்ட கையெழுத்தை நாளைய மன்றம் மதிக்குமா என்பதே கடன் கொடுப்பவரின் முதல் கேள்வி. பேரூராட்சி கட்டத் தவறினால் பகிர்வு நிதியிலிருந்து தானாகப் பிடிக்கலாம் என்று மன்றத் தீர்மானமும் அரசாணையும் முன்கூட்டியே இருந்தால், அந்தக் கேள்வி அடங்கும், வட்டியும் இறங்கும். ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். சிறிய பேரூராட்சியின் பகிர்வு நிதி என்பது துப்புரவுப் பணியாளர் சம்பளமும் தெருவிளக்கு மின்கட்டணமும்தான். அதில் எத்தனை சதவீதம் வரை பிடிக்கலாம் என்ற உச்சவரம்பு இல்லாமல் எந்த மன்றமும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

சட்டத் தரப்பில் ஒரு குறிப்பு. அரசமைப்பின் 243இசட்டி பிரிவு, மாவட்டத் திட்டக் குழு ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான விஷயங்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லும்போது, நீரைப் பகிர்வதை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. பேச்சைத் தொடங்க இடம் எங்கே என்று தேட வேண்டியதில்லை.

முனைவாசல்

மே மாதத்தில் எங்களுக்கு நீர் அதிகம் வேண்டும். அதே மாதத்தில் வயலுக்கும் வேண்டும், குளத்துக்கும் வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் யாருக்கு முதலில்?

பழையாற்றுக்கரை

நல்ல கேள்வி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்கே இரண்டு நீர் அமைப்புகள் 1995இல் கூட்டு அதிகார அமைப்பொன்றை உருவாக்கி மறுசுழற்சி நீர்க் குழாய் பதித்தன. பின்னர் பிளசன்டன் நகரமும் ஒப்பந்தத்தில் சேர்ந்தது. கோடையில் புல்வெளிகளுக்கான தேவை ஏறியது. வீடுகளில் சிக்கனம் கூடியதால் கழிவுநீர் வரத்தோ குறைந்தது. 2019இல் அவற்றுள் ஓர் அமைப்பு புதிய இணைப்புகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. நன்றாக நடந்த திட்டத்துக்கே இந்த நிலை.

ஆகவே ஆண்டுச் சராசரியை வைத்துப் பங்கு பிரிப்பது நமக்கு ஒத்துவராது. மாதவாரியாக அட்டவணை போட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் நாஞ்சில் நாட்டில் யாருக்கும் இந்த நீர் வேண்டாம். அப்போது முழுவதும் ஆற்றில் போகட்டும், ஆனால் நிலைக் கட்டணம் நிற்கக் கூடாது. பற்றாக்குறை மாதங்களில் ஆற்றின் குறைந்தபட்ச ஓட்டம் முதலில், ஈரநிலப் பங்கு அடுத்து, அதன்பின் ஒப்பந்தக் கொள்ளளவின் விகிதப்படி எல்லா வாங்குபவருக்கும் சமக் குறைப்பு. தனக்குரியதைக் குறைவாகப் பெறும் மாதத்தில் அந்த விகிதத்துக்கு நிலைக் கட்டணமும் குறையும். அந்த இழப்பை நீரைக் கொடுக்கும் மாநகராட்சி தாங்க வேண்டும். அப்போதுதான் சுத்திகரிப்பு நிலையத்தை ஒழுங்காக ஓட்டுவதில் மாநகராட்சிக்கு அக்கறை பிறக்கும்.

இதுவரை பேசியதை வரைவாகச் சேர்க்கிறேன். தரப்பினராக மாநகராட்சி, குழாய் செல்லும் வழியிலுள்ள உள்ளாட்சிகள், விடுதி உரிமையாளர்களின் அமைப்பு, ஈரநிலங்களுக்காக வனத்துறை, பழையாற்றுப் பாசன சபைகள். பாசன சபைகள் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை; ஆனால் குறைந்தபட்ச ஓட்டம் மீறப்பட்டால் குழாய் உந்துநிலையத்தை நிறுத்தக் கோரும் உரிமையோடு கையெழுத்திடுவார்கள். ஒதுக்கிய கொள்ளளவில் 70 சதவீதத்துக்காவது கையெழுத்து விழும்வரை ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது. 70 என்ற எண் என் முன்மொழிவு. நீரேற்றம் ஐயாவும் ஏட்டுக்கணக்கு அவர்களும் கணக்கிட்டு மாற்றலாம்.

ஏட்டுக்கணக்கு

70 குறைவு. மீதி 30 சதவீதத்தின் நிலைக் கட்டணத்தை யார் தாங்குவது என்பது எழுதப்படாவிட்டால், அது மாநகராட்சியின் பொது நிதியில் விழும். 85 வேண்டும், அல்லது 70 சதவீதத்துக்கு ஏற்ற விட்டத்தில் குழாயைப் பதித்து, பின்னாளில் இணைக் குழாய் பதிக்க இடம் விட்டு வைக்கலாம். நிலத்துக்கடியில் புதைத்த பெரிய குழாயில் காலியாக இருக்கும் இடத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

நீரேற்றம்

இணைக் குழாய் யோசனைக்கு நான் உடன்படவில்லை. தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் இரண்டாம் முறை தோண்ட அனுமதி வாங்குவது எளிதல்ல. சாலை வெட்டுக் கட்டணமும் மறுசீரமைப்புச் செலவும் மீண்டும் விழும். குழாயை முழு விட்டத்தில் ஒருமுறை பதித்துவிட்டு, உந்துநிலையத்தின் பம்புகளையும் சுத்திகரிப்பு அடுக்குகளையும் தேவைக்கேற்ப இரண்டு கட்டமாக வாங்குவதே சரி. பிந்தி வரும் வாங்குபவர், முந்தி வந்தவர்கள் அதுவரை சுமந்த வட்டியில் தன் பங்கைக் கட்டிவிட்டு நுழைய வேண்டும் என்று ஒரு விதி சேருங்கள். பிந்தி வருவோர்க்கு விலை மலிவு என்று தெரிந்தால் முதலில் யாரும் கையெழுத்திடமாட்டார்கள்.

கடைமடை

பாசன சபைகளைக் கையெழுத்திடும் தரப்பாகச் சேர்த்ததற்கு நன்றி. உந்துநிலையத்தை நிறுத்தக் கோரும் உரிமையை நான் வரவேற்கிறேன். ஒரே ஒரு திருத்தம் மட்டும். குறைந்தபட்ச ஓட்டத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலில் அளக்கிறோம் என்று எழுதினால் எங்களுக்குப் பயன் இல்லை. அங்கே உள்ளே போய்ப் பார்க்க எங்களை யார் விடப்போகிறார்கள்? அளவுகோல் சோழன்திட்டை அணையின் மேல்பக்கத்தில், சாலையிலிருந்து எவரும் படிக்கும்படி நட்டிருக்க வேண்டும். வாரம் ஒருமுறை நீர்வளத்துறைப் பணியாளரும் சபைப் பிரதிநிதியும் சேர்ந்து ஒரே பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். நீரின் தர ஆய்வுக்கான மாதிரியையும் அங்கேயே எடுக்க வேண்டும்.

இந்த வரைவை எங்கள் சபைக் கூட்டத்தில் வாசிக்க அச்செடுத்து வைத்திருக்கிறேன். கன்னிப்பூவுக்கு எந்த வாரத்தில் எவ்வளவு நீர் தேவை என்பதை மடைவாரியாகக் கேட்டு எழுதி, மாத அட்டவணைக்காக இதே இழையில் இடுகிறேன். அதுவரை 85, 70 என்ற எண்களை முடிவு செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்; எங்கள் பங்கு போக எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்த பிறகுதான் குழாயின் கொள்ளளவே தெரியும்.